கரைசலும் காலமும்

இரசாயனம் பயிலும் மாணவர் பலருக்குக் கருவி காட்டும் எண்ணே உண்மை. திரையில் 32 சதவீதம் என்று தோன்றினால் அந்த 32 எங்கே இருக்கிறது, எப்பொழுது இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் அவர்களிடம் அரிதாகவே காணப்படும். கொட்டாஞ்சேனையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து இறுதியாண்டிற் பயின்ற மாணவி ஒருத்தியும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. அக்கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு அவள் மூன்று வாரங்களையும், தன் கைகளின் மீது கொண்டிருந்த நம்பிக்கையில் ஒரு பகுதியையும் இழக்க நேர்ந்தது.

அவளுடைய பாட்டி மலையகத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். குடும்பம் பின்னர் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையிலே புனித லூசியா பேராலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில், இரண்டு அறைகளைக் கொண்ட வீடொன்றிற் குடியமர்ந்தது. உயர்தர வகுப்பு வரை அவள் கற்றது தமிழிலே. அசையும் அவத்தை, நிலையான அவத்தை, படித்திறன் என்ற சொற்களோடு வளர்ந்தவளுக்கு அவை பல்கலைக்கழகத்தில் மொபைல் பேஸ், ஸ்ரேஷனரி பேஸ், கிரேடியன்ற் என்று உருமாறி வந்தன. சொல் மாறிற்றேயன்றிப் பொருள் மாறவில்லை என்று தெளிவதற்கு முதலாண்டு முழுவதும் சென்றது.

இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் பச்சைத் தேயிலையிலுள்ள கற்றெச்சின்கள். 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதும், 1883 ஆம் ஆண்டிற் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியதும் இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்திகள். அந்த இலைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தோர் அத்துணைப் பேரில்லை. இளங்கொழுந்திற் கற்றெச்சின்கள் மிகுதியாக உள்ளன. கறுப்புத் தேயிலை செய்யும்போது அவை பெரும்பாலும் ஒட்சியேற்றமடைந்து வேறு சேர்வைகளாகின்றன. பச்சைத் தேயிலை செய்வோர் கொழுந்தை உடனே சூடாக்கி நொதியங்களின் தொழிலை நிறுத்திவிடுவதால், அங்கே கற்றெச்சின்கள் பெருமளவு எஞ்சி நிற்கின்றன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அளவிடுவதே அவளுடைய பணி.

பிரித்தறியும் இக்கலை இலையிலேயே பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மிக்கேல் சுவெற் என்ற ருஷ்யத் தாவரவியலாளர் 1903 ஆம் ஆண்டில் வார்சோ நகரிலே தம் முறையை முதலில் எடுத்துரைத்தார். இலைச்சாற்றைச் சுண்ணக்கட்டித் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் ஊடாகக் கரைப்பானோடு இறங்கவிட்டபோது பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனி வளையங்கள் தோன்றின. 1906 ஆம் ஆண்டில் அவர் இம்முறைக்குக் குரோமற்றோகிராபி எனப் பெயரிட்டார். நிறப்பகுப்பு எனத் தமிழில் வழங்குவது இதுவே. 1941 ஆம் ஆண்டில் மாட்டினும் சிஞ்சும் இதனை இரு திரவ அவத்தைகளுக்கிடையேயான பங்கீடாக விரித்தனர். 1952 இல் நோபெல் பரிசு அவர்களைச் சேர்ந்தது. நிறமற்ற சேர்வைகளையும் இன்று இதே தத்துவத்தினாற் பிரிக்கின்றனர். குழாயினுள் அசையாது நிற்கும் பொருளொன்று சேர்வைகளைப் பற்றிக்கொள்கிறது. அசையும் கரைசல் அவற்றை இழுத்துச் செல்கிறது. பற்று மிகுந்தது பிந்தி வரும், பற்றுக் குறைந்தது முந்தி வரும்.

ஒரே செறிவுடைய கரைசலைத் தொடக்கம் முதல் முடிவு வரை செலுத்தினால் முன்னே வருவன ஒன்றோடொன்று நெருங்கி வரும். பின்னே வருவன நெடுநேரம் தங்கி, அகன்று தேய்ந்து வெளிப்படும். ஆதலால் மெலிந்த கரைசலில் தொடங்கி, நேரம் செல்லச் செல்ல அதன் வலிமையை உயர்த்துவது வழக்கமாயிற்று. அல்ம், வில்லியம்ஸ், தீசேலியஸ் ஆகிய மூவரும் 1952 ஆம் ஆண்டில் இப்படித்திறன் முறையை விளக்கி எழுதினர். வலிமையிற் சிறு மாற்றமும் பெரு விளைவைத் தருவது இம்முறையின் இயல்பு. சிறு மூலக்கூறுகளைப் பொறுத்தவரையிற் கரிமக் கரைப்பானின் அளவு பத்துச் சதவீதம் உயருமாயின், நிலையான அவத்தை அவற்றைப் பற்றிவைத்திருக்கும் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறையும் என்பது ஆய்வுகூடங்களில் வழங்கும் பொது விதி. ஆகவே ஒவ்வொரு கணத்திலும் கரைசலின் அமைப்பு யாது என்ற கணக்கு இம்முறையின் உயிர்நாடி எனலாம்.

சர்வதேச நியம நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட 14502 ஆம் நியமத்தின் இரண்டாம் பகுதியையே மாணவி பின்பற்றினாள். அதில் இரு கரைசல்கள் உண்டு. ‘அ’ கரைசலில் அசற்றோநைத்திரைல் 9 சதவீதம். ‘ஆ’ கரைசலில் 80 சதவீதம். அசற்றிக்கமிலம் இரண்டிலும் 2 சதவீதமாக இருப்பதால் எவ்விகிதத்தில் அவற்றைக் கலந்தாலும் அது மாறுவதில்லை. முதற் பத்து நிமிடம் ‘அ’ மட்டும் செல்லும். அடுத்த பதினைந்து நிமிடத்தில் ‘ஆ’ கரைசலின் பங்கு சுழியிலிருந்து 32 சதவீதத்துக்கு நேர்கோட்டில் உயரும். பின்னர் பத்து நிமிடம் அவ்வாறே நிற்கும். 278 நனோமீற்றர் அலைநீளத்திற் சேர்வைகள் உச்சிகளாகப் பதிவாகும்.

அவள் ஒரு வரைபு வரைந்தாள். அதனோடு ஓர் அட்டவணையும் அமைத்தாள். ஒவ்வோர் உச்சியும் தோன்றிய நேரம் ஒரு நிரலில். அந்நேரத்திற் கரைசலில் இருந்த அசற்றோநைத்திரைலின் சதவீதம் மறு நிரலில். 21 ஆம் நிமிடத்தில் தோன்றிய உச்சிக்கு நேரே 23.5 என எழுதினாள். பத்து நிமிடம் கழித்து மீதி 11 நிமிடம். பதினைந்து நிமிடத்தில் 32 உயருமாயின் 11 நிமிடத்தில் 23.5. கணக்கு எளிது, அட்டவணை அழகாக இருந்தது. மேற்பார்வையாளர் அதனைப் பார்த்துப் பாராட்டினார்.

இதன் பின்னரே துன்பம் தொடங்கியது. அவள் பயன்படுத்திய கருவி பழுதடைந்தது. 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பிறகு உதிரிப் பாகமொன்றைத் தருவிப்பது எளிய காரியமன்று. ஆகவே அதே குழாயை எடுத்துச் சென்று ஆய்வுகூடத்தின் மற்றொரு கருவியிற் பொருத்தினாள். அதே கரைசல், அதே வெப்பநிலை, நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றர் என்ற அதே பாய்ச்சல், அதே நிகழ்ச்சிநிரல். ஆயினும் 21 ஆம் நிமிடத்தில் வரவேண்டிய உச்சி 22½ நிமிடத்தை அண்டியே வந்தது. அதற்குப் பிந்தியவையும் அவ்வாறே பிந்தின.

கரைசலை மெலிவாகக் கலந்துவிட்டாள் என்பதே எல்லோரும் சொன்ன காரணம். அவளும் அதை நம்பினாள். ‘ஆ’ கரைசலை நான்கு முறை புதிதாக ஆக்கினாள். விலையுயர்ந்த அசற்றோநைத்திரைல் குறையக் குறைய மேற்பார்வையாளரின் முகமும் இறுகியது. அளவுசாடியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தாயா, குடுவையைக் கழுவினாயா என்று முதலாண்டு மாணவியிடம் கேட்கும் கேள்விகள் அவளிடம் கேட்கப்பட்டன. தமிழ் மொழியிற் பயின்று வந்தவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி போதாது என்று ஒருவர் பொதுப்படக் கூறியது அவள் காதிலும் விழுந்தது. ஆய்வறிக்கை ஒப்படைக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் கருவியின் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, பழைய நேரங்களையே எல்லா மாதிரிகளுக்கும் எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் ஓரிரவு அவளுக்கு வந்தது. அவ்விரவு அவள் ஒன்றும் எழுதவில்லை, அவ்வளவே.

வெள்ளவத்தையிற் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீடொன்றின் மூன்றாந் தளத்தில் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் வசித்துவந்தார். சனிக்கிழமை மாலைகளில் மாணவர் அவரைத் தேடிச் செல்வதுண்டு. மாணவி தன் பதிவுத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கும் அங்கிருந்து காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கும் பஸ் மாறிச் சென்றாள்.

அவர் புதிய கருவிகளை அதிகம் கையாண்டவரல்லர். 1970 களில், இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த நாள்களில், உதவி விரிவுரையாளராக இருந்தபோது படித்திறன் முறையை இரண்டு கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டே செய்தவர். கீழ்க்குடுவையில் மெலிந்த கரைப்பான். அதனைக் கலக்கியவண்ணமே, வெளியேறும் அளவுக்குச் சமமாக மேற்குடுவையிலிருந்து வலிய கரைப்பானைச் சொட்ட விடுவார். கீழ்க்குடுவையில் 500 மில்லிலீற்றர் இருக்குமாயின், 500 மில்லிலீற்றர் வலிய கரைப்பான் உட்சென்ற பின் அது முற்றிலும் வலியதாகிவிடும் என்று தொடக்கத்தில் அவரும் எண்ணியிருந்தார். அவ்வாறு ஆவதில்லை. உட்செல்வதோடு பழையதும் புதியதும் கலந்தே வெளியேறுகின்றன. 500 சென்றபின் வலிய கரைப்பானின் பங்கு 63 சதவீதம். 1000 சென்றபின்னும் 86 சதவீதமே. மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு அவர் பக்கம் பக்கமாக இக்கணக்குகளைப் போட்ட குறிப்பேடுகள் 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோயின. ஆனால் ஒரு கலனுக்குள் பழையது எவ்வளவு நேரம் தங்கும் என்ற நினைவு அவரை விட்டுப் போகவில்லை.

பதிவுகளை நெடுநேரம் பார்த்தபின் அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

“பிள்ளை, பத்து நிமிஷத்துக்கு முன்னம் வாற உச்சியள் பிந்தினதா?”

“இல்லை சேர். அதுகள் அப்பிடியேதான் இருக்கு.”

“அப்ப உம்முடைய கையிலை பிழையில்லை.”

அவர் காரணத்தை விளக்கினார். ‘அ’ கரைசல் மெலிந்திருந்தால் முதல் உச்சிகளும் பிந்தியிருக்க வேண்டும், அவை அசையவில்லை. ‘ஆ’ கரைசல் மெலிந்திருந்தால் தாமதம் போகப்போக வளர்ந்திருக்க வேண்டும். இங்கே பிந்திய உச்சிகளெல்லாம் ஏறத்தாழ ஒரே ஒன்றரை நிமிடமே பிந்துகின்றன. எனவே கரைசல் சரியானதே. அது வந்து சேர்வதுதான் தாமதமாகிறது. பம்பி இரண்டையும் கலக்கும் இடத்துக்கும் குழாயின் தலைப்புக்கும் இடையே கலப்பறையும் நுண்குழாய்களும் உள்ளன. அவற்றில் தங்கியிருக்கும் கனவளவு ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு. நிகழ்ச்சிநிரல் உயரத் தொடங்கினாலும், அக்கனவளவிலுள்ள பழைய கரைசல் முழுவதும் சென்று முடியும் வரை குழாய்க்கு அந்தச் செய்தி எட்டாது. அவருடைய பழைய கீழ்க்குடுவை ஒடுங்கி இப்பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது.

மாடி வீடுகளில் வாழ்வோருக்கு இது புதிய செய்தியன்று. நீர் வெட்டு முடிந்து கூரைத் தாங்கியிலே நல்ல நீர் நிறைந்தபின்னும், மூன்றாந் தளத்துக் குழாயைத் திறந்தவுடன் வருவது மங்கிய பழைய நீரே. தாங்கி நிறைந்த நேரத்தை வைத்துக்கொண்டு குவளையில் உள்ளது நல்ல நீர் என்று எவரும் குடிப்பதில்லை. அவர் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஊகம் போதாது, அளந்துவிட்டு வா என்று அவர் அனுப்பிவைத்தார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழியன்றோ! பிரிக்கும் குழாயைக் கழற்றிவிட்டு அவ்விடத்தை வெறும் இணைப்பினாற் பொருத்தினாள். ஒரு பக்கம் தூய நீர்; மறுபக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு அசற்றோன் கலந்த நீர். இருபது நிமிடத்திற் சுழியிலிருந்து நூறு சதவீதத்துக்கு நேர்கோட்டில் உயருமாறு நிகழ்ச்சிநிரலை அமைத்தாள். அசற்றோன் ஊதாக் கடந்த கதிரை உறிஞ்சுவதால் கருவி அதன் வரவை வரையும். பாதி உயரம் 10 ஆம் நிமிடத்தில் வரவேண்டும்; வந்ததோ 12½ ஆம் நிமிடத்தில். ஆகவே தங்கு கனவளவு 2.5 மில்லிலீற்றர். முதற் கருவி திருத்தப்பட்டு வந்தபோது அதிலும் அளந்தாள். அங்கே பாதி உயரம் 11 ஆம் நிமிடத்தில் வந்தது. தங்கு கனவளவு 1 மில்லிலீற்றர். இரண்டுக்குமிடையே ஒன்றரை மில்லிலீற்றர். நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றர் பாய்ச்சலில் ஒன்றரை நிமிடம்.

பரிகாரமும் கணக்கிலேயே இருந்தது. முதற் கருவியிற் படித்திறன் குழாயின் தலைப்பை அடைந்தது 10 உடன் 1 சேர்ந்த 11 ஆம் நிமிடத்தில். இரண்டாம் கருவியிலும் அது 11 ஆம் நிமிடத்தில் அடைய வேண்டுமாயின் 8½ ஆம் நிமிடத்திலேயே உயர்வைத் தொடங்கி 23½ ஆம் நிமிடத்தில் முடிக்க வேண்டும். அவ்வாறு செய்தபோது உச்சிகள் தத்தம் பழைய இடங்களுக்குத் திரும்பின.

குற்றஞ்சாட்டப்பட்டவள் நிரபராதி என்று கதையை இவ்விடத்தில் முடித்துவிடலாம். அவ்வாறு முடியவில்லை. எண்களோடு இருந்த அந்த இரவில் அவள் தன் பழைய அட்டவணையை மீண்டும் எடுத்துப் பார்த்தாள். எல்லோரும் பாராட்டிய அட்டவணை பிழையாக இருந்தது.

21 ஆம் நிமிடத்தில் வெளிவந்த கரைசல் 21 ஆம் நிமிடத்திற் கலக்கப்பட்டதன்று. கலந்த இடத்திலிருந்து குழாய்க்கு வர ஒரு நிமிடம். அக்குழாய் 250 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் உள்விட்டமும் உடையது; வெறுங்குழாயின் கொள்ளளவு 4.15 மில்லிலீற்றர். துணிக்கைகள் அடைத்துக்கொண்ட இடம் போக ஏறத்தாழ 2.5 மில்லிலீற்றர் கரைசலுக்கு உரியது. அதைக் கடக்க மேலும் இரண்டரை நிமிடம். ஆகவே அவ்வுச்சியோடு வெளிவந்தது 17½ ஆம் நிமிடத்தின் கரைசல். அதில் ‘ஆ’ கரைசலின் பங்கு 23.5 அன்று, 16 சதவீதமே.

அம்மட்டோடும் நின்றபாடில்லை. 16 என்பது ‘ஆ’ கரைசலின் பங்கேயன்றி அசற்றோநைத்திரைலின் பங்கன்று. 84 பங்கு ‘அ’ கரைசல் 7.56 தருகிறது, 16 பங்கு ‘ஆ’ கரைசல் 12.8 தருகிறது. உண்மையான அளவு 20.36 சதவீதம். இப்பிழை இத்தனை நாளும் எவர் கண்ணிலும் படாமைக்கு ஒரு தற்செயல் துணைநின்றது. முடிவில் ‘ஆ’ 32 சதவீதமாகும்போது ‘அ’ தருவது 6.12, ‘ஆ’ தருவது 25.6, கூட்டினால் 31.72. முப்பத்திரண்டுக்கு வெகு அண்மை! முடிவிடத்தில் இரண்டு எண்களும் ஒன்றுபோலத் தோன்றியதால் இடையிலும் ஒன்றுதான் என்று அவளும், அட்டவணையைப் பார்த்தவர்களும் கொண்டுவிட்டனர். தொடக்கத்தில் அவளுடைய கணக்குச் சுழி என்று கூறியது. உண்மையில் அங்கே ஒன்பது இருந்தது.

இப்பிழையால் தேயிலையிற் கண்ட கற்றெச்சின் அளவுகள் மாறுவதில்லை. நியமக் கரைசல்களையும் மாதிரிகளையும் ஒரே நிலைமையில் ஓட்டியே அவை கணிக்கப்பட்டன. அட்டவணை பின்னிணைப்பில் இருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். செய்யாத பிழைக்காக மூன்று வாரம் தலைகுனிந்தவளுக்கு, செய்த பிழையைத் தானே எடுத்துச்சென்று காட்டுவது எளிதாக இருந்திருக்காது. ஆயினும் அவள் இரண்டையும் ஒரே நாளிற் கொண்டுசென்றாள். தங்கு கனவளவின் அளவீட்டை முதலில் வைத்தாள். திருத்திய அட்டவணையை அடுத்து வைத்தாள். மேற்பார்வையாளர் முன்னதை விரைவாகவும் பின்னதை நெடுநேரமும் வாசித்தார். பின்னர் அட்டவணையைத் தாமும் சரிபார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் கூறினார். முன்பு கேட்ட கேள்விகளைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை.

வீட்டிற் பாட்டிக்கு இவற்றைச் சொல்லி விளங்கவைக்க அவள் முயன்றாள். கலக்கிற இடத்தில் ஒரு எண், வந்து சேர்கிற இடத்தில் ஒரு எண் என்ற அளவிலேயே பாட்டி இடைமறித்தார்.

“பறிச்ச மலையில ஒரு நெறை, ஸ்டோருக்குப் போனா ஒரு நெறை. வெயிலுக்குக் கொழுந்து வாடிப்போகுமே. எங்க நிறுத்ததுன்னு கேக்காம விட்டா நமக்குத்தான் நட்டம்.”

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தேநீரை ஆற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆய்வறிக்கை உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. அட்டவணையின் தலைப்பில், எண்கள் குழாயின் வெளிவாயிலில் உள்ள அமைப்பைக் குறிப்பன என்ற ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. ஆய்வுகூடத்தை விட்டு நீங்குமுன் அவள் இரு சிறு தாள்களை வெட்டி, ஒன்றில் 1.0 மில்லிலீற்றர் என்றும் மற்றதில் 2.5 மில்லிலீற்றர் என்றும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அளந்த நாளையும் குறித்து, அந்தந்தக் கருவியின் பக்கத்தில் ஒட்டினாள். குழாய் மாற்றினால் மீண்டும் அளக்கவும் என்ற குறிப்பும் கீழே இருந்தது. அடுத்த ஆண்டு வந்த மாணவர் தம் நிகழ்ச்சிநிரலை எழுதுமுன் அத்தாளைப் பார்த்தே எழுதினர்.